சுவருக்கு அப்பால் இருப்பது யார்?

ஆலன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை அன்றைய சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி அதிகாரி. தாயாரோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியா திரும்பியபோது, டூரிங்கும் அவருடைய அண்ணனும் இங்கிலாந்திலேயே வேறொரு குடும்பத்தாரின் பொறுப்பில் விடப்பட்டனர்.

பள்ளியில் தனித்தே இருந்த டூரிங்குக்குக் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவர் உற்ற நண்பரானார். இருவரையும் அறிவியலும் கணிதமும் இணைத்தன. 1930ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் காசநோயால் திடீரென இறந்துபோனார். உடல் அழிந்தால் மனமும் அழிந்துவிடுமா? மனம் என்பதுதான் என்ன? பதினேழு வயது டூரிங்கை இக்கேள்விகள் விடாமல் துரத்தின.

1936ஆம் ஆண்டு, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி எந்தக் கணக்கையும் செய்யவல்ல ஒரு கற்பனை இயந்திரத்தை அவர் தம் கட்டுரையில் விவரித்தார். இன்றைய கணினியின் அடிப்படை அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில், ஜெர்மானியரின் எனிக்மா இரகசியச் செய்திகளை உடைப்பதில் அவர் பெரும் பங்காற்றினார். அப்பணி பல ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது.

1950ஆம் ஆண்டில் டூரிங் மீண்டும் மனத்தைப் பற்றி எழுதினார். இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று கேட்டால், சிந்தனை என்பதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். ஆகவே, அக்கேள்விக்குப் பதிலாக ஒரு விளையாட்டை அவர் முன்வைத்தார். ஓர் அறையில் கேள்வி கேட்பவர் இருப்பார். வேறிடத்தில் ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும் இருப்பர். குரலோ கையெழுத்தோ காட்டிக் கொடுத்துவிடக் கூடாதல்லவா? அதனால் எல்லாப் பதில்களும் தட்டச்சில் மட்டுமே வரும். முகம் தெரியாத ஒருவருடன் நாம் கைப்பேசியில் செய்தி பரிமாறுவதும் ஏறத்தாழ இப்படித்தான். எழுத்துகளை மட்டும் கொண்டு, மனிதர் யார், இயந்திரம் எது என்று கேள்வி கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டுரையில் வரும் மாதிரி உரையாடல் சுவையானது. 34957ஐயும் 70764ஐயும் கூட்டும்படி ஒரு கேள்வி வருகிறது. ஏறக்குறைய முப்பது வினாடி கழித்து 105621 என்ற விடை வருகிறது. கூட்டிப் பாருங்கள், நூறு குறைகிறது! கணக்கில் பிழையே செய்யாவிட்டால் இயந்திரம் பிடிபட்டுவிடும். மனிதரைப் போல் தோன்ற அது வேண்டுமென்றே தவறு செய்யும் என்பதை டூரிங் அன்றே எண்ணிப் பார்த்திருந்தார். ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிட உரையாடலுக்குப் பின் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எழுபது விழுக்காட்டைத் தாண்டாது என்றும் அவர் கணித்தார்.

அந்த ஐம்பது ஆண்டுகளைக் காண அவர் இல்லை. தன்பாலீர்ப்பு அக்கால இங்கிலாந்தில் குற்றமாக இருந்தது. 1952ஆம் ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. சிறைக்குப் பதிலாக அவர் உடலை வருத்தும் மருந்தை ஏற்க நேர்ந்தது. நாட்டின் இரகசியங்களைக் காத்தவருக்கு இரகசியப் பணிகளின் கதவுகள் மூடப்பட்டன. 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 41ஆம் வயதில், சயனைடு நஞ்சால் அவர் உயிர் பிரிந்தது. பிரிட்டிஷ் அரசு 2009இல்தான் வருத்தம் தெரிவித்தது. 2013இல் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

இணையத்தளங்கள் சில, கோணலான எழுத்துகளைக் காட்டி அவற்றைத் தட்டச்சு செய்யச் சொல்லும். கேப்சா எனப்படும் அச்சோதனையின் ஆங்கில முழுப்பெயரில் டூரிங்கின் பெயரும் அடங்கியிருக்கிறது. ஆனால், விளையாட்டு தலைகீழாகிவிட்டது. அங்கே கேள்வி கேட்பது இயந்திரம். தாம் மனிதர் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் மனிதர்.