பெண் வேடத்துக்குப் புகழ்மாலை. பெண்ணை மேடையேற்றியதும் எதிர்ப்பு

மராத்தி சங்கீத நாடக உலகில் ஈடிணையற்ற பாடகராக விளங்கிய பால கந்தர்வரின் இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். 1888 ஜூன் 26-ல் பிறந்த அவருக்கு, சிறுவயதில் அவர் பாடக் கேட்டு 'பால கந்தர்வர்' என்று பெயர் சூட்டியவர் லோகமான்ய திலகர்.

பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் ஏற்காத காலம் அது. 1905-ல் கிர்லோஸ்கர் நாடக மண்டலியில் சேர்ந்த அவர் சகுந்தலையாகத் தோன்றினார். பாஸ்கர்புவா பக்லேயிடம் பெற்ற ஹிந்துஸ்தானி இசைப் பயிற்சி அவருடைய நாடகப் பாடல்களுக்குக் கச்சேரிக்குரிய கனத்தைத் தந்தது. ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டுக்கொண்டே இருக்க, நாடகங்கள் விடிய விடிய நீண்டன. அவர் சேலை உடுத்திய பாங்கையும், கூந்தலில் பூச்சூடிய விதத்தையும் மகாராஷ்டிரத்துக் குடும்பப் பெண்கள் பின்பற்றினர். ஓர் ஆண் நடிகர் பெண்களுக்கே முன்மாதிரியாக விளங்கியது விந்தைதான்.

1911-ல் காடில்கரின் 'மானாபமான்' அரங்கேறிய நாளில் அவருடைய பெண் குழந்தை இறந்தது. ஆயினும் நாடகத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. அன்றிரவு கதாநாயகி பாமினியாக மேடையேறினார். 1913-ல் நண்பர்களுடன் கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கினார். அசல் பட்டு, உயர்ந்த வாசனைத் திரவியங்கள், தேர்ந்த பக்கவாத்தியக்காரர்கள் என்று வரவுக்கு மீறிச் செலவிட்டார். பிற்காலத்தில் தபலா மேதையாகக் கொண்டாடப்பட்ட அகமத் ஜான் திரக்வாவும் அம்மண்டலியில் வாசித்தவரே. கடன் வளர்ந்தது.

அந்நிலையிலும் 1921 ஜூலையில், திலகர் சுயராஜ்ய நிதிக்காக, போட்டிக் கம்பெனியின் கேசவராவ் போஸ்லேயுடன் மும்பையில் இணைந்து நடித்தார். அதே 'மானாபமான்' நாடகம்தான். அடுத்த மூன்று மாதங்களுக்குள் போஸ்லே காலமானார்.

பேசும் படம் வந்ததும் நாடகக் கொட்டகைகள் வெறிச்சோடின. 1935-ல் பிரபாத் நிறுவனத்துக்காக சாந்தாராம் இயக்கிய படத்தில் சந்த் ஏகநாதராக ஆண் வேடத்தில் நடித்தார். 'மகாத்மா' என்ற தலைப்பைத் தணிக்கைத் துறை ஏற்காததால் படம் 'தர்மாத்மா'வாக வெளிவந்தது. அதன்பின் பிரபாத்தை விட்டு மேடைக்கே திரும்பினார்.

சோதனை அங்குதான் காத்திருந்தது. 1930-களின் பிற்பகுதியில் பாடகி கோஹர்பாய் கர்நாடகி மண்டலியில் சேர்ந்து, அவர் ஏற்று வந்த கதாநாயகி வேடங்களில் நடிக்கத் தொடங்கினார். பழைய சகாக்கள் பலர் விலகினர். ரசிகர்கள் கோஹரையே தூற்றினர். பெண் வேடமிட்ட ஆணைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களால் உண்மையான பெண்ணை ஏற்க முடியவில்லை. அந்த வசைகளுக்கு இடையிலும், பால கந்தர்வரின் கால்கள் செயலிழந்த பின்னும், உடனிருந்து பராமரித்தவர் கோஹரே.

1955-ல் சங்கீத நாடக அகாதெமி விருது வந்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினர்களாக நடிகர் பிருத்விராஜ் கபூரும் மராத்தி நாடகாசிரியர் மாமா வரேர்கரும் அமர்ந்த அந்த ஆண்டுகளில், இவருக்கு அந்த இருக்கை கிட்டவில்லை. பத்மபூஷண் விருதும் 1964-ல்தான் வந்தது. அதே ஆண்டில் கோஹர் மறைந்தார்.

1967 ஜூலை 15-ல் பால கந்தர்வர் காலமானார். புணேயில் அவரே அடிக்கல் நாட்டிய, அவர் பெயர் தாங்கிய அரங்கம் மறு ஆண்டு, அவருடைய பிறந்த நாளில் திறக்கப்பட்டது.