சாம்பல் மேட்டுக்குள் ஒரு மாட்டுப்பட்டி: ஏற்காட்டில் வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். தென்மேற்கே கஞ்சமலை. ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கஞ்சமலையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ரயில் பாதை சேலத்தை எட்டிய 1861-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்த வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய இருவரில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இவரைத்தான்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் 1834 செப்டம்பர் 22 அன்று பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். சம்பளம் வாங்கியது பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதற்கு. தொல்லியல் அவருடைய உத்தியோகமே இல்லை. சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சேர்ந்து திருச்சி, சேலம், தென்னார்க்காடு பகுதிகளைப் பற்றி எழுதிய அறிக்கை 1864-ல் வெளியானது. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை என்று சேலம் சீமையின் இரும்புக்கல் படுகைகளைப் பிரித்து விவரித்தது அந்த அறிக்கைதான்.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடந்த கற்கருவிகள் மனிதன் செய்தவைதான் என்று 1859-ல் அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மனித இனம் சில ஆயிரம் வருடப் பழமைதான் என்ற கணக்கு அதோடு உடைந்தது. இந்தியாவில் அப்படி ஏதாவது உண்டா?

1863 மே 30. பல்லாவரம் ராணுவ மைதானத்துப் பக்கம் சரளை தோண்டிய குழியில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். ஆள் கை வைத்துச் செதுக்கிய கல் அது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில், அவரும் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார்கள்.

கல்லைக் கண்டெடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அவரைத் தனித்துக் காட்டுவது வேறு. எந்தக் கல், எந்த மண் அடுக்கில், எந்த ஆற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துவைத்தார். இப்படிச் சுமார் 450 இடங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பழைய கற்கால மனிதர்கள் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை கிடைக்கிற பக்கமாகவே அதிகம் புழங்கியிருக்கிறார்கள். அதாவது ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்பதில் நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்று அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று இல்லை. கருவிகள் கிடந்த செம்புரைக்கல் படிவு கடலுக்கடியில் உருவானது என்றே ஆரம்பத்தில் எழுதினார். அது நிற்கவில்லை.

சாம்பல் மேடுகள்

ஆனால் பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகள் விஷயத்தில் அவர் ஜெயித்தார். அந்தப் பகுதியில் சாம்பலும் கண்ணாடி மாதிரி உருகிய கசடுமாகப் பெரிய பெரிய மேடுகள் நிற்கும். ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை வாலியை எரித்த இடம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை: எரிமலை என்றார் ஒருவர், கூட்டமாகப் பிணம் எரித்த இடம் என்றார் இன்னொருவர்.

ஃபூட் மேடுகளைச் சுற்றி நடந்தார். தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகளும் பானை ஓடுகளும் அங்கே கிடந்தன. அப்படியானால் புதிய கற்காலத்து ஆட்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் முள்வேலி போட்டு மாடு அடைக்கும் பட்டிகளை நினைத்துப் பார்த்தார். பட்டியில் வருஷக்கணக்கில் சாணம் சேரும், ஒருநாள் தீப்பிடிக்கும் அல்லது யாராவது தீ வைப்பார்கள். இதுதான் மேடு என்றார்.

சாணம் எரிந்தால் கண்ணாடியாகுமா? ஆகும். மாடு தின்னும் புல்லில் சிலிக்கா இருக்கிறது. அது சாணத்தில் தங்கும். பெரிய குவியல் நின்று எரியும்போது சூடு ஏறி, அந்தச் சிலிக்கா உருகிக் கசடாகிவிடும்.

இதற்கு உறுதியான சாட்சி கிடைக்க 1957 ஆகிவிட்டது. தெலங்கானாவின் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் ஒரு மேட்டைத் தோண்டினார். வேலிக்கம்பு நட்ட குழிகளும், மாட்டுக் குளம்புத் தடங்களும் அப்படியே இருந்தன. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் தக்காணத்து மேய்ச்சல் நிலத்தை மந்தைகளோடு பயன்படுத்திய மக்களின் பட்டி அது. ஃபூட் அப்போது உயிரோடு இல்லை.

இதற்கிடையில் 1880-களில் கர்னூல் பில்லசுர்க்கம் குகைகளையும் அவர் தோண்டினார். மகன் ஹென்றியும் கூட இருந்தார். கிடைத்த எலும்புகளில் காண்டாமிருகத்தினுடையதும் உண்டு. இன்றைக்கு வறண்டு கிடக்கிற கர்னூலில் காண்டாமிருகம்! மழையும் காடும் எப்படி மாறியிருக்கும் என்ற கேள்விக்கு அந்தக் குகைகள் ஒரு வாசல் திறந்தன.

ஏற்காட்டு வீடு

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார். கடைசியில் தங்கியது ஏற்காட்டில், ஐவி காட்டேஜ் என்ற வீட்டில். அந்த மலையோடு அவருக்குக் குடும்பத் தொடர்பும் இருந்தது. மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர், 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார்.

சேர்வராயன் மலையில் கிடைப்பவை பெரும்பாலும் மெருகேற்றிய கற்கோடரிகள். மலைவாசிகள் அவற்றை எடுத்துப் பிள்ளையார் மேடைகளில் வைத்துக் கும்பிட்டது பழைய சேலம் மாவட்டப் பதிவுகளில் இருக்கிறது. மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் உதவிய கருவிகள் இவை. ஆனால் சாமியாகி இடம் மாறிவிட்ட கோடரி எந்த மண்ணில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபூட் குறிப்பெழுதுவதில் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது இங்கே புரியும்.

அத்திரம்பாக்கத்துக்கு அவர் விட்டுப்போன குறிப்புகள் பிறகு கைகொடுத்தன. சாந்தி பப்பு குழுவினர் அங்கே மறுபடி தோண்டி, கற்களில் காஸ்மிக் கதிர்கள் விட்டுச்சென்ற ஐசோடோப்புகளை அளந்தார்கள். கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். கூடவே கிடைத்த விலங்குப் பற்களை வைத்து அன்றைய நிலம் எப்படி இருந்தது என்றும் பார்த்தார்கள்.

ஃபூட் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கற்களை 1904-லேயே சென்னை அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. எது எங்கே கிடைத்தது என்று அவர் எழுதிய விவரப் பட்டியல், அவர் இறந்த பிறகு 1914-லும் 1916-லும் இரண்டு புத்தகங்களாக அச்சானது.