பொறுமை மிக்க நண்பர் டிலனாய்

வீரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் வென்ற போர்களை எண்ணியே நாம் வியக்கிறோம். மனம் கலங்கி நின்ற நண்பருக்குப் பொறுமையோடு செவிசாய்த்த ஒரு தளபதியும் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தார். அவர்தாம் தளபதி டிலனாய்.

யூஸ்தாக்கியுஸ் டிலனாய் 1715 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஆராஸ் நகரில் பிறந்தார். கத்தோலிக்கரான அவர் டச்சுக் கம்பெனிப் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தார். 1741 இல் குளச்சலில் நடந்த போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்றது. டிலனாய் கைதியானார். அவருடைய திறமையை உணர்ந்த மன்னர், தம் வீரர்களுக்குப் போர்ப்பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். டிலனாய் உதயகிரிக் கோட்டையைக் கற்கோட்டையாக வலுப்படுத்தினார். அங்கே பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று மதிப்புடன் அழைத்தனர்.

அக்காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்ட பிள்ளை என்ற அதிகாரி பணியாற்றினார். 1712 இல் நட்டாலத்தில் பிறந்தவர், இறைபக்தி மிக்கவர். அவருடைய குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, பயிர்கள் அழிந்தன. ஒரு மாடு நோயில் விழுந்தாலே வீடு முழுவதும் கலங்கிப்போவதைக் கொங்கு நாட்டில் வாழும் நாம் அறிவோம். அவர் எவ்வளவு துடித்திருப்பார்! இறைவனை வழிபடுகிறவனுக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற ஐயம் அவரை வாட்டியது. அதை அவர் டிலனாயிடம் மனம்விட்டுக் கூறினார்.

டிலனாய் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். யோபுவும் ஆடுமாடுகளையும் செல்வத்தையும் பெற்ற மக்களையும் இழந்தவர். கடவுளிடமே ஏன் என்று கேட்டவர். அவரைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் மௌனமாக உடன் அமர்ந்திருந்தார்கள். பின்னர், அவர் பாவம் செய்திருக்க வேண்டும் என்று குற்றம் சாட்டத் தொடங்கினார்கள். இறுதியில் கடவுள் சினம் கொண்டது அந்த நண்பர்கள்மேல்தான்! கேள்வி கேட்ட யோபுவுக்கோ மீண்டும் வாழ்வளித்தார். யோபுவின் நண்பர்கள் செய்யத் தவறியதை டிலனாய் தம் நண்பருக்குச் செய்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நீலகண்ட பிள்ளை மேலும் அறிய விரும்பியபோது, வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குருவிடம் டிலனாய் அவரை அனுப்பினார். அங்கு 1745 மே 14 அன்று அவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தம் நம்பிக்கைக்காகப் பல துன்பங்களை ஏற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

டிலனாய்க்கும் துன்பம் வராமல் இல்லை. அவருடைய மகன் களக்காட்டுப் போரில் காயமுற்று 1765 இல் இறந்தார். நண்பருக்குச் சொன்ன யோபுவின் கதை அன்று அவருக்கும் தேவைப்பட்டிருக்கும். 1777 இல் டிலனாய் காலமானார். உதயகிரிக் கோட்டைச் சிற்றாலயத்தில் தந்தையும் மகனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

அன்புத் தோழியரே! தாயின் நோய் தீரவில்லையே, செபம் கேட்கப்படவில்லையே என்று நம் வகுப்பில் ஒருத்தி அழுதால், விசுவாசம் இல்லாதவள் என்று அவளை ஒதுக்கலாமா? ஐயமுற்ற தோமாவை ஆண்டவர் தள்ளிவிடவில்லையே. எட்டு நாள் கழித்து வந்து தம் காயங்களைக் காட்டினாரே! அந்தத் தோமாவே நம் நாட்டுக்கு நற்செய்தி கொண்டுவந்தார் என்பது நம் திருச்சபையின் மரபு. எல்லாக் கேள்விகளுக்கும் நம்மிடம் விடை இராது. ஆனாலும் அவள் பேசி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருக்க நம்மால் முடியும். விடை தெரிந்த அருட்சகோதரியிடமோ ஆசிரியையிடமோ அவளை அன்புடன் அழைத்துச் செல்லவும் முடியும். டிலனாய் செய்தது இவ்வளவே. நாமும் அவ்வாறே செய்வோமாக!