அண்ணலின் இல்லத்தில் அன்னை சவிதா

பெரியோரின் வாழ்வை நாம் மேடைகளிலும் அவைகளிலும் அவர்கள் இயற்றிய நூல்களிலும் காண்கிறோம். அவர்தம் இல்லத்தினுள் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்ப்பது அரிது. அண்ணல் டாக்டர் அம்பேத்கர் தம் இறுதி எட்டாண்டுகளைக் கொடிய நோயோடு போராடியே கழித்தார். அந்த எட்டாண்டுகளின் அரும்பணிகள் எவ்வாறு கைகூடின என்பதை அறிய வேண்டுமாயின், அவர்தம் துணைவியார் டாக்டர் சவிதா அம்பேத்கர் அம்மையாரின் தொண்டையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அண்ணலின் முதல் துணைவியார் ரமாபாய் அம்மையார். கணவர் கடல் கடந்து கல்வி கற்ற காலத்தில் வறுமையைத் தனித்து நின்று தாங்கியவர். பெற்ற மக்கள் ஐவருள் நால்வரை இழந்து, யஷ்வந்த் ஒருவரையே வளர்த்து ஆளாக்கியவர். நெடுநாள் நோயுற்றிருந்து 1935 மே 27 அன்று தாதரிலுள்ள ராஜகிருகம் இல்லத்தில் மறைந்தார். அப்பிரிவு அண்ணலின் உள்ளத்தைப் பெரிதும் வாட்டியது. பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலை அவர் ரமாபாயின் நினைவுக்கே உரிமையாக்கினார். இனி மறுமணம் இல்லை என்றும் உறுதி பூண்டார்.

அவ்வுறுதியை மாற்றியது நோயே. 1947ஆம் ஆண்டில் சட்ட அமைச்சர் பொறுப்பும் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமைப் பொறுப்பும் ஒருசேர அவர் தோள்மீது அமர்ந்தன. நீரிழிவும், அதனோடு கூடிய நரம்பு அழற்சியும் அவரை வருத்தின. கால் வலியால் இரவுகளில் உறக்கம் கெட்டது. உடனிருந்து உணவையும் மருந்தையும் கவனிக்க ஒருவர் இன்றியமையாதவர் என மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். செவிலிப் பெண் ஒருவரை வீட்டில் அமர்த்தினால் வீண்பழி எழும். ஆதலால் திருமணமே தக்க வழி என முடிவு செய்ததை, 1948 மார்ச்சில் தம் தோழர் தாதாசாகிப் கெய்க்வாடுக்கு எழுதிய மடலில் அவரே விளக்கினார்.

சாரதா கபீர் என்னும் இயற்பெயருடைய அம்மையார் பம்பாயில் சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்தில் தோன்றியவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். டாக்டர் மால்வங்கரிடம் உதவி மருத்துவராகப் பணியாற்றிவந்த நாளில், அண்ணல் அங்குச் சிகிச்சை பெற்றார். 1948 ஏப்ரல் 15 அன்று, தம் ஐம்பத்தேழாம் பிறந்தநாளுக்கு மறுநாள், டில்லி இல்லத்திலேயே அண்ணல் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சாரதா, சவிதா ஆனார். அதற்குப் பின்னும் அண்ணல் அவரைச் சாரு என்றே அழைத்துவந்தார். மக்கள் அவரை மாயிசாகிப் என்றனர்.

அக்காலத்தில் நீரிழிவு நோயாளியை இல்லத்தில் வைத்துப் பேணுதல் எளிதன்று. விரல் நுனியிலிருந்து ஒரு துளிக் குருதி எடுத்து நொடிப்பொழுதில் சர்க்கரையைக் கணக்கிடும் கருவி அன்று இல்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்குவர். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம் கொள்வதை வைத்தே சர்க்கரையின் மிகுதி அறியப்பட்டது. கண்ணாடி ஊசிக்குழலை நீரில் கொதிக்கவைத்த பின்னரே இன்சுலின் செலுத்துதல் இயலும். ஊசி போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும். உணவு மிகுந்தால் நோய் மிகும். ஆகவே மருந்தும் உணவும் உறக்கமும் கடிகாரத்தைத் தழுவியே நடைபெற வேண்டும். அண்ணலோ நூலைக் கையிலெடுத்தால் நள்ளிரவையும் மறப்பவர், பசியையும் மறப்பவர். ஊசி போடும் மருத்துவராகவும், உண்ண அழைக்கும் மனைவியாகவும், விளக்கை அணைக்குமாறு வேண்டும் காவலராகவும் அம்மையார் ஒருவரே இருக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறு பேணப்பட்ட உடலைக் கொண்டே அண்ணல் அரசியல் சட்ட வரைவை 1948 நவம்பர் 4 அன்று அவையில் முன்மொழிந்தார். ஓராண்டுக்கு மேலாக ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கமளித்தார். வரைவுக் குழுவினருள் பலர் பல்வேறு காரணங்களால் பங்கேற்க இயலாமற்போக, முழுச் சுமையும் அம்பேத்கர்மீதே விழுந்தது என்பதை, குழுவில் இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியே அவையில் எடுத்துக் கூறினார். 1949 நவம்பர் 26 அன்று சட்டம் நிறைவேறியது.

1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதையும் ஒரு காரணமாகக் காட்டி அமைச்சர் பதவியைத் துறந்த அண்ணல், அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் குடியேறினார். அங்குக் கழிந்த ஆண்டுகளில் நோய் முற்றியது. பார்வை மங்கியது, பிறர் தோளைப் பற்றாமல் நடக்க இயலவில்லை. எனினும் புத்தரும் அவர் தம்மமும் என்னும் பெருநூல் அவ்வில்லத்தில்தான் உருவாயிற்று. அவரைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். கணவரின் ஓய்வைக் கருதி அம்மையார் சந்திப்புகளுக்கு வரம்பு விதித்தார். காணாமல் திரும்பியவர்களின் மனக்குறை அவர்மீதே படிந்தது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணலோடு அம்மையாரும் பௌத்தம் தழுவினார். நவம்பரில் இருவரும் நேபாளம் சென்று திரும்பினர். டிசம்பர் 6 அன்று விடியுமுன் அண்ணல் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை நாம் சிந்திக்கத்தக்கவை. எட்டாண்டுகள் காத்த கைகளையே சிலர் ஐயுற்றனர். அரசு விசாரணை நடத்தி, அது இயற்கையான மரணமே எனத் தெளிவுபடுத்தியும் பழிச்சொல் ஓயவில்லை. அவர் பிறந்த சாதியும் அவருக்கு எதிரான சான்றாகப் பேசப்பட்டது. ஆனால் அண்ணலின் தீர்ப்பு வேறு. தம் நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில், அணையும் நிலையிலிருந்த தம் உயிரை மீண்டும் சுடர்விடச் செய்தவர்கள் தம் மனைவியும் டாக்டர் மால்வங்கருமே என்றும், அவர்களாலேயே நூல் நிறைவுற்றது என்றும் நன்றியோடு பதிந்திருந்தார். 1957இல் நூல் வெளிவந்தபோது அம்முன்னுரை அதில் இடம்பெறவில்லை. பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அது அச்சேறியது. நன்றி உரைத்தவரும் மறைந்துவிட்டார். உரைத்த நன்றியும் மறைக்கப்பட்டது. இடையில் அம்மையார் பழியைச் சுமந்து ஒதுங்கி வாழ்ந்தார்.

காலம் பின்னர் ஓரளவு நீதி செய்தது. 1990இல் அண்ணலுக்கு வழங்கப்பட்ட பாரத ரத்னா விருதைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனிடமிருந்து பெற்றுக்கொண்டவர் சவிதா அம்மையாரே. அண்ணலோடு வாழ்ந்த நாள்களை மராத்தியில் நூலாகவும் எழுதினார். 2003 மே 29 அன்று மறைந்தார். அலிப்பூர் சாலை இல்லம் இருந்த இடத்தில் 2018இல் தேசிய நினைவகம் திறக்கப்பட்டது.

இளைஞர்களே! நம் வீடுகளிலும் நோயுற்ற கணவருக்காக உறக்கம் துறக்கும் பெண்கள் உளர். அவர்கள் நோயுறும்போது அதே பணியைச் செய்ய ஆடவர் முன்வருகின்றனரா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறப்பைக்கொண்டு மனிதரை எடைபோடாதே என்று உலகுக்கு உரைத்த இயக்கம் நம்முடையது. அந்த அளவுகோலை அண்ணலின் துணைவியாருக்கும் பொருத்துதல் நம் கடன். நோயாளியைப் பேணுவோருக்கு உரிய நன்றியை அவர்கள் வாழும் நாளிலேயே, பலர் அறியக் கூறுவோம். அண்ணல் எழுதிவைத்த முன்னுரை நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவேயாகும்.