முயல் பேசியது, மனிதர் பிழைத்தார்!

1961-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். இரவு நேரம்.

ஆபத்தான ஒரு சாலை வளைவில் இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு கார் அப்பளம் போல் நொறுங்கியது. அதற்குள் கிடந்தவர் மெல் பிளாங்க்.

அவர் முகத்தை அறிந்த குழந்தைகள் குறைவு. அவர் குரலை அறியாத குழந்தை அமெரிக்காவில் இல்லை!

ஒரே ஓர் எழுத்து

மெல் பிளாங்க் 1908-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். போர்ட்லாந்து நகரில் வளர்ந்தார். பள்ளியில் விதவிதமாகக் குரல் மாற்றிப் பேசுவார். வகுப்பே சிரிக்கும்.

பிளாங்க் என்ற குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள். பெயரைப் போலவே அவரும் ஒன்றுமில்லாமல் போவார் என்று ஆசிரியர் ஒருவர் ஏசினாராம். பையன் மனம் புண்பட்டது. 16 வயதில் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டார். உச்சரிப்பு மாறவில்லை. பொருள் மாறிவிட்டது!

கணவனும் மனைவியும்

1927-ல் வானொலியில் சேர்ந்தார். 1933-ல் மனைவி எஸ்டெல்லுடன் போர்ட்லாந்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வேறு நடிகர்களை வைத்துக்கொள்ளப் பணம் கிடைக்கவில்லை. அதனால் கதையில் வந்த அத்தனை பேருக்கும் இருவருமே குரல் கொடுத்தார்கள். வறுமையே வித்தையைக் கற்றுக்கொடுத்தது.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். கார்ட்டூன் படக் கம்பெனியின் வாசலில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டார். விடவில்லை. 1936-ல் கதவு திறந்தது.

திக்கிப் பேசும் பன்றி போர்க்கி, வாத்து டாஃபி, குறும்புக்கார முயல் பக்ஸ் பன்னி – எல்லாம் அவர் குரலே. முயலுக்காக உண்மையான காரட்டைக் கடித்து, மென்று, துப்புவார். ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில் ஓட்டைக் கார் இருமுவதும் அவர் தொண்டையிலிருந்துதான்!

டாக்டரின் தந்திரம்

அந்தத் தொண்டை இப்போது ஊமையாகிவிட்டது. இரண்டு வாரம் நினைவே இல்லை. பெயர் சொல்லி அழைத்தார்கள். அசைவில்லை.

டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரை விட்டுவிட்டு, முயலிடம் நலம் விசாரித்தார். மெல்லிய குரலில் முயல் பதில் சொல்லியது! பன்றியைக் கேட்டார். பன்றியும் பேசியது!

உடம்பெல்லாம் மாவுக்கட்டு. ஆனாலும் வீட்டில் படுத்தபடியே வேலை செய்தார். கட்டிலுக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டார்கள். சக நடிகர்கள் சுற்றி நின்றார்கள். ‘பிளிண்ட்ஸ்டோன்ஸ்’ தொடருக்கு இப்படித்தான் குரல் கொடுத்தார்.

1989 ஜூலை 10-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். கார்ட்டூன் படம் முடியும்போது பன்றி சொல்லும் விடைமொழியே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் உயிர் கொடுத்த பிராணிகள், ஒருமுறை அவருக்கே உயிர் கொடுத்தன!