வில்மா ருடோல்ஃப்

வில்மா குளோடீன் ருடோல்ஃப் (ஜூன் 23, 1940 – நவம்பர் 12, 1994) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விரைவோட்ட வீராங்கனை ஆவார். 1960ஆம் ஆண்டு உரோம் நகரில் நடைபெற்ற கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கங்களைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் இவரே. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டு, உலோகத் தாங்கியின் துணையோடு நடந்தவர் என்பதால் இவரது வாழ்க்கை பாடநூல்களிலும் சிறுவர் நூல்களிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆயினும் இவர் தனியாக ஓடிய ஓட்டங்களைப் போலவே, டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் ஒருவராக ஓடிய தொடர் ஓட்டங்களும் அறியத்தக்கவை.

பிறப்பும் இளமையும்

வில்மா டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் நகரை ஒட்டிய செயின்ட் பெத்லகேம் என்னும் ஊரில் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த இவரது எடை ஏறத்தாழ 2 கிலோகிராம் மட்டுமே. தந்தை எட் ருடோல்ஃப் தொடருந்தில் சுமை தூக்கும் பணியாளர். தாய் பிளாஞ்சு வெள்ளையர் வீடுகளில் வீட்டு வேலை செய்தவர். தந்தையின் இரு மணங்களிலும் பிறந்த 22 பிள்ளைகளில் வில்மா இருபதாமவர்.

குழந்தைப் பருவத்தில் நிமோனியா, செங்காய்ச்சல் ஆகிய நோய்கள் இவரைத் தாக்கின. ஐந்து வயதளவில் வந்த இளம்பிள்ளை வாதம் இடக்காலை வலுவிழக்கச் செய்தது. அந்நோய்க்கான தடுப்பூசி 1955இல்தான் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. கறுப்பினத்தவர்க்குக் கிளார்க்ஸ்வில்லில் தக்க மருத்துவ வசதி கிடைக்கவில்லை. ஆகையால், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் நகரில் இருந்த மெகாரி மருத்துவக் கல்லூரிக்குத் தாயும் மகளும் வாரந்தோறும் பேருந்தில் சென்று வந்தனர். இப்பயணம் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அப்பேருந்தில் கறுப்பினத்தவர் பின்வரிசைகளில்தான் அமர வேண்டும். மருத்துவமனையில் கற்றுக்கொண்ட முறைப்படி வீட்டில் நாள்தோறும் நான்கு முறை அவரது காலைப் பிடித்துவிட்டனர். தாய் மட்டுமன்றி உடன்பிறந்தோரும் இதில் பங்கெடுத்தனர். பன்னிரண்டு வயதளவில் வில்மா தாங்கியோ சிறப்புக் காலணியோ இன்றி நடக்கலானார்.

கறுப்பின மாணவர்களுக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது இவர் முதலில் ஆடியது கூடைப்பந்து. ஓயாமல் அங்குமிங்கும் ஓடியதால் பயிற்சியாளர் இவருக்குக் கொசு என்று பொருள்படும் செல்லப்பெயரைச் சூட்டினார். கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் இவரைக் கண்ட டென்னசி மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எட் டெம்பிள், தம்முடைய கோடைக்காலப் பயிற்சிக்கு அழைத்தார். அப்போது வில்மா பள்ளி மாணவியே.

டெம்பிளின் அணி

டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் நாஷ்வில்லில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்வி நிறுவனம். அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை பெண்கள் தடகளத்திற்குப் பணம் ஒதுக்கியதில்லை. டெம்பிளின் அணிக்கும் வசதிகள் மிகக் குறைவே. ஓடுதளம் மண்ணாலானது. வீராங்கனைகளுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேலை செய்து கல்விச் செலவை ஈடுகட்டினர். போட்டிகளுக்கு டெம்பிளே காரோட்டி அழைத்துச் செல்வார். வழியிலுள்ள உணவகங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை என்பதால் உணவைக் கையோடு எடுத்துச் செல்வது வழக்கம். சமூகவியல் ஆசிரியராகவும் பணியாற்றிய டெம்பிள், இத்தகைய நிலையிலிருந்து நாற்பது ஒலிம்பிக் வீராங்கனைகளை உருவாக்கினார்.

இவ்வணியினருள் ஒருவரான மே ஃபாக்ஸ், இளையவரான வில்மாவுக்கு வழிகாட்டியாக இருந்தார். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்கத் தடகள அணியில் 16 வயதான வில்மாவே மிக இளையவர். 200 மீட்டரில் தொடக்கச் சுற்றிலேயே தோற்றார். 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மே ஃபாக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், இசபெல் டேனியல்ஸ் ஆகியோருடன் ஓடி வெண்கலம் பெற்றார். ஆஸ்திரேலியா 44.5 நொடிகளிலும், பிரித்தானியா 44.7 நொடிகளிலும், அமெரிக்கா 44.9 நொடிகளிலும் இலக்கை அடைந்தன.

பள்ளியின் இறுதியாண்டில் வில்மா கருவுற்றார். 1958இல் யோலண்டா என்னும் மகள் பிறந்தாள். குழந்தை பெற்றவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதி. வில்மாவுக்காக அவர் அதைத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பத்தார் பொறுப்பில் விட்டுவிட்டு அவ்வாண்டே வில்மா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டெம்பிள் விதியைத் தளர்த்தாமல் இருந்திருந்தால் உரோம் வெற்றிகள் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. 1959இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் 100 மீட்டரில் வெள்ளியும் தொடர் ஓட்டத்தில் தங்கமும் பெற்றார். 1960 ஜூலையில் டெக்சாசு மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் 200 மீட்டரை 22.9 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார்.

உரோம் ஒலிம்பிக்

1960 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தடகள அணிக்கு டெம்பிளே பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். போட்டி தொடங்கும் முன் வில்மாவின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஆயினும் 100 மீட்டர் அரையிறுதியில் 11.3 நொடிகளில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். செப்டம்பர் 2 அன்று நடந்த இறுதியோட்டத்தை 11.0 நொடிகளில் முடித்தார். இரண்டாம் இடம் பெற்ற பிரித்தானியாவின் டொரத்தி ஹைமனும் மூன்றாமவரான இத்தாலியின் ஜுசெப்பினா லியோனியும் 11.3 நொடிகள் எடுத்துக்கொண்டனர். பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்னும் வரம்பை மீறியதால் 11.0 உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. செப்டம்பர் 5 அன்று 200 மீட்டர் இறுதியில் எதிர்க்காற்றில் ஓடி 24.0 நொடிகளில் வென்றார். ஜெர்மனியின் யூட்டா ஹைன இரண்டாவதாக வந்தார்.

தொடர் ஓட்ட உத்தி

4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நால்வரின் வேகத்தைக் கூட்டிப் பார்த்து வெற்றியாளரைக் கணித்துவிட முடியாது. கோல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு எவ்வளவு வேகம் குறையாமல் மாறுகிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. கோலைப் பெறுபவர், கொடுக்க வருபவர் தரையில் இட்ட குறியைக் கடந்தவுடன் ஓடத் தொடங்கி, திரும்பிப் பாராமல் கையைப் பின்னே நீட்ட வேண்டும். முன்கூட்டியே கிளம்பினால் வருபவரால் எட்டிப் பிடிக்க இயலாது. தாமதித்தால் வருபவர் முட்டிக்கொள்வார், இருவர் வேகமும் குறையும். அன்றைய விதிப்படி 20 மீட்டர் நீளமுள்ள எல்லைக்குள் கோல் மாற வேண்டும். மீறினால் அணி நீக்கப்படும். (2017ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வெல்லை 30 மீட்டராக்கப்பட்டது.)

முதலாமவரைத் தவிர ஏனைய மூவரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் கோலைப் பெறுவதால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழக்கும் நேரம் அவர்களுக்கு மிச்சமாகிறது. உரோமில் அமெரிக்கப் பெண்கள் தகுதிச் சுற்றில் 44.4 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தனர். ஒருவருக்குச் சராசரியாக 11.1 நொடிகள், அன்றைய 100 மீட்டர் உலக சாதனையோ 11.3 நொடிகள்.

இதனால் யாரை எந்த இடத்தில் ஓடவிடுவது என்பது முக்கியமாகிறது. டெம்பிள் அமைத்த வரிசை மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடோல்ஃப் என்பதாகும். நால்வரும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தினர். முதல் ஓட்டமும் மூன்றாம் ஓட்டமும் வளைவில் அமைபவை. இரண்டும் நான்கும் பெரும்பாலும் நேர்ப்பாதை. குள்ளமான உருவம் கொண்ட ஹட்சன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டார். மூன்றாம் இடத்தில் ஓடிய ஜோன்ஸ் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 15 வயதிலேயே தொடர் ஓட்டத் தங்கம் வென்றவர். ஏறத்தாழ 1.80 மீட்டர் உயரமுள்ள வில்மாவுக்குத் தொடக்கம் எப்போதும் மந்தம். நீண்ட கால்கள் முழு வீச்சை அடையச் சிறிது தூரம் தேவைப்பட்டது. ஓடியபடியே கோலைப் பெறும் இறுதி இடத்தில் இக்குறை மறைந்துவிடும். வேகமானவரைக் கடைசியில் நிறுத்துவது பொது வழக்கம்தான் என்றாலும், வில்மாவைப் பொறுத்தவரை அது இருமடங்கு பொருத்தமாக அமைந்தது. பல்வேறு ஊர்களிலிருந்து தேர்ந்து சேர்க்கப்படும் தேசிய அணிகளுக்குச் சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது சில வாரங்களே. இவர்களோ ஒரே கல்லூரியில் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்.

இருந்தும் இறுதியோட்டத்தில் ஜோன்சிடமிருந்து வில்மா கோலைப் பெற்ற கணத்தில் தடுமாற்றம் ஏற்பட்டது. கோல் கையில் சரியாக அமையாததால் வில்மா வேகத்தைக் குறைக்க நேர்ந்தது. அமெரிக்க அணிக்கு இருந்த நல்வாய்ப்பு பறிபோய், ஜெர்மனியின் இறுதி ஓட்டக்காரரான யூட்டா ஹைனவைத் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. வில்மா அவரைக் கடந்து 44.5 நொடிகளில் அணியை வெற்றிபெறச் செய்தார். ஜெர்மனி 44.8 நொடிகளில் இரண்டாவதாகவும், போலந்து 45.0 நொடிகளில் மூன்றாவதாகவும் வந்தன. கோல் கீழே விழுந்தது என்றும் சிலர் எழுதுவதுண்டு. கீழே விழுந்த கோலை எடுத்துக்கொண்டு 0.3 நொடி வேறுபாட்டில் வெல்வது நடக்கக்கூடியதன்று.

கோல் மாற்றம் எத்தனை இடர் மிக்கது என்பதை அதே உரோமில் அமெரிக்க ஆண்கள் அணி காட்டியது. முதல் ஓட்டக்காரர் ஃபிராங்க் பட்டிடமிருந்து கோலைப் பெற வேண்டிய ரே நார்ட்டன் முன்கூட்டியே கிளம்பிவிட்டதால் எல்லைக்கு வெளியே கோல் மாறியது. இலக்கை முதலில் கடந்தும் அவ்வணி நீக்கப்பட்டு, தங்கம் ஜெர்மனிக்குச் சென்றது. பெண்கள் ஓட்டத்திலும் முன்னுதாரணங்கள் உண்டு. 1936 பெர்லினில் முன்னணியில் இருந்த ஜெர்மன் அணியும், 1952 ஹெல்சின்கியில் ஆஸ்திரேலிய அணியும் கோலைத் தவறவிட்டன. இரு முறையும் தங்கம் பெற்றது அமெரிக்காவே.

கிளார்க்ஸ்வில் வரவேற்பு

ஐரோப்பாவில் பல நகரங்களில் ஓடிவிட்டு நாடு திரும்பிய வில்மாவுக்கு, சொந்த ஊரில் ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடாயின. அப்போதைய ஆளுநர் புஃபோர்டு எலிங்டன் நிறப் பிரிவினையை ஆதரித்துத் தேர்தலில் வென்றவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியே கலந்துகொள்ளும் நிகழ்ச்சியாக இருந்தால் தாம் வரப்போவதில்லை என்று வில்மா தெரிவித்துவிட்டார். அவருக்கு அப்போது வயது 20. ஊரார் இணங்கினர். 1960 அக்டோபர் 4 அன்று நடந்த ஊர்வலமும், ஏறத்தாழ 1,100 பேர் அமர்ந்த விருந்தும் கிளார்க்ஸ்வில் நகரில் நிறப் பிரிவினையின்றி நடந்த முதல் பொது நிகழ்ச்சிகளாகும். 1963இல் அந்நகரின் உணவகம் ஒன்றில் கறுப்பினத்தவர்க்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டத்திலும் வில்மா பங்கேற்றார்.

இறுதி ஓட்டங்களும் ஓய்வும்

1961 ஜூலையில் மாஸ்கோவில் சோவியத் ஒன்றியத்துடன் நடந்த போட்டியில் வில்லி ஒயிட், எர்னஸ்டைன் பொலார்ட், விவியன் பிரவுன் ஆகியோருடன் ஓடி, தொடர் ஓட்டத்தில் 44.3 நொடிகள் என்னும் புதிய உலக சாதனையை ஏற்படுத்தினார். சில நாட்களில் ஸ்டுட்கார்ட் நகரில் 100 மீட்டரை 11.2 நொடிகளில் ஓடி மற்றொரு உலக சாதனையும் படைத்தார். அவ்வாண்டு சல்லிவன் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

1962இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மீண்டும் சோவியத் அணியை எதிர்த்து 100 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் வென்றபின், 22 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். 1964 டோக்கியோவில் மூன்று தங்கங்களுக்குக் குறைந்து பெற்றால் மக்கள் அதைத் தோல்வியாகவே கருதுவர் என்பது அவர் எண்ணம். ஓட்டத்தால் பொருளீட்டவும் வழியில்லை. தொழில்முறை சாராதோர் விதிகள் பரிசுப் பணத்தைத் தடை செய்தன. டோக்கியோவில் 100 மீட்டர் தங்கத்தை வயோமியா டயசும், 200 மீட்டர் தங்கத்தை ஈடித் மெக்குவயரும் வென்றனர். இருவரும் டெம்பிளின் மாணவியரே. தொடர் ஓட்டத்திலோ போலந்து அமெரிக்காவை வென்றது.

பிற்கால வாழ்க்கை

1963இல் தொடக்கக் கல்வியில் பட்டம் பெற்ற வில்மா, கிளார்க்ஸ்வில்லில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும், தாம் பயின்ற பர்ட் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். அதே ஆண்டு அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வந்தார். 1961இல் வில்லியம் வார்டை மணந்து 1963இல் மணமுறிவு பெற்றார். பின்னர் யோலண்டாவின் தந்தையான ராபர்ட் எல்ட்ரிட்ஜை மணந்தார். அம்மணமும் முறிந்தது. இவருக்கு நான்கு பிள்ளைகள். ஊர்கள் பல மாறி, வேலைகளும் பல மாறின. உலகப் புகழ் நிலையான வருவாயைத் தரவில்லை.

1977இல் தன்வரலாற்றை வெளியிட்டார். அதே ஆண்டு அது தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்தது. 1981இல் இண்டியானாபொலிஸ் நகரில் இளைஞர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1974இல் அமெரிக்கத் தேசியத் தடகளப் புகழ் மன்றத்திலும், 1983இல் அமெரிக்க ஒலிம்பிக் புகழ் மன்றத்திலும் சேர்க்கப்பட்டார். உரோமில் இவர் வென்ற அதே மூன்று தங்கங்களை 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் வென்றபோது வில்மாவின் பெயர் மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது.

1994 ஜூலையில், தாய் இறந்து சில காலமே ஆகியிருந்த நிலையில், வில்மாவுக்கு மூளையிலும் தொண்டையிலும் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று நாஷ்வில்லை அடுத்த பிரெண்ட்வுட்டில் தமது 54ஆம் வயதில் காலமானார். 2004இல் அமெரிக்க அஞ்சல் துறை இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. பெர்லினில் ஒரு பள்ளி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கிளார்க்ஸ்வில் நகரின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று வில்மா ருடோல்ஃப் சாலை என்று வழங்குகிறது.