யார் இந்த ராஜாஜி? மாணவர் அலை இருந்தும் கட்சி வளராதது ஏன்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் எப்பவுமே காலேஜ் கூட்டம்தான். 1930 ஏப்ரலில் இதே ஊரிலிருந்துதான் சுமார் 100 தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார் ராஜாஜி.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாகாண முதல்வராக 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

1959-ல், 80 வயதில், சுதந்திரா கட்சி தொடங்கினார். லைசென்ஸ், பர்மிட், கோட்டா கட்டுப்பாடு போகணும், தொழிலில் அரசு தலையிடக் கூடாது என்பதுதான் கொள்கை.

1965-ல் மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தாங்க. இந்த முறை ராஜாஜியும் இந்தித் திணிப்புக்கு எதிராக நின்றார். 1967-ல் திமுகவோடு கூட்டணி. காங்கிரஸ் ஆட்சி போச்சு. சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம். ஆனா மாணவர்கள் சேர்ந்தது திமுகவில்தான். அவங்களை இழுத்தது மொழி, பர்மிட் பிரச்சினை இல்லை.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். இரண்டே வருஷத்தில் சுதந்திராவும் வேறு கட்சியோடு இணைந்து காணாமல் போச்சு.